அறுபத்து மூன்றாவது சண்டை

அக்கா கேட்டது ஒரே ஒரு பொருள்தான். ஆஸ்பத்திரியில் சேர்ந்த மறுநாள், வியாழக்கிழமை மதியம், கழுத்தில் பட்டை மாட்டிக் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தவள் தம்பியிடம் சொன்னாள்.

"வீட்ல அலமாரி மேல என் கேம் பெட்டி இருக்கு இல்ல, அதை எடுத்துட்டு வாடா. இந்த டிவில மாட்டிக்கலாமான்னு நர்ஸ்கிட்ட கேட்டுட்டேன். திங்கக்கிழமை டாக்டர் வந்து பாத்துட்டுப் போனதும் அரை மணி நேரம் தரேன்னு சொன்னாங்க."

"இப்ப எப்படிக்கா ஆடுவே?"

"ஆடறதுக்கு இல்ல, பாக்கறதுக்கு. செவ்வாக்கிழமை கழுத்தைத் திறக்கப் போறாங்க. அப்புறம் கை என்ன ஆகும்னு அவங்களுக்கே தெரியல. நல்லா இருந்தப்ப என் கை என்னென்ன பண்ணுச்சுன்னு ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்."

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. பத்தொன்பது வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. கட்டடத்தின் அடிக்குழியில் நின்றுகொண்டு மேலே தொங்கும் கம்பி வடத்தையும் சக்கரத்தையும் அண்ணாந்து பார்த்துப் பார்த்தே கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை அழுத்திவிட்டது என்றார் டாக்டர். நான்கு வருடத்துக்கு முன்னால் ஸ்பேனர் கையிலிருந்து நழுவ ஆரம்பித்தது. அப்புறம் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. இந்த வருடம் தம்பிதான் ஊட்டிவிட வேண்டியிருந்தது.

தம்பி பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தான். மெழுகில் பல் வரிசை செதுக்குவதில் கைகாரன் என்பதால் அங்கே எல்லோருக்கும் அவன் மெழுகு. அப்பா அம்மா போன பிறகு அக்காவும் அவனும் மட்டும்தான். இரண்டு அறை வீடு. அவன் படிப்பிலிருந்து வேலை வரைக்கும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவள் அவள். தனக்கென்று அவள் வைத்துக்கொண்டது அந்த விளையாட்டு ஒன்றுதான்.

'ஏழு வாசல்' என்று அதற்குப் பெயர். மூன்று பாகமாக வந்த சண்டை விளையாட்டு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்வது, அவ்வளவுதான். ஆனால் அதிலேயே 'தாக்குப்பிடித்தல்' என்று ஒரு பிரிவு உண்டு. ஓர் உயிரை வைத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக வருகிற ஆட்களை விழும்வரை அடிக்க வேண்டும். அக்கா அறுபத்து மூன்று பேரை அடித்திருந்தாள். அந்த அறுபத்து மூன்றாவது சண்டையைப் பெட்டி அப்படியே நினைவில் வைத்திருந்தது. எப்போது வேண்டுமானாலும் திரும்ப ஓடவிட்டுப் பார்க்கலாம். முதல் பாகத்தில் சேர்த்ததை இரண்டாம் பாகம் வாங்கிக்கொள்ளும், இரண்டாம் பாகத்தில் சேர்த்ததை மூன்றாம் பாகம் வாங்கிக்கொள்ளும். இப்படிப் பதினோரு வருடத்து ஆட்டம் தீப்பெட்டி அளவுள்ள ஒரு மெமரி கார்டில் இருந்தது. கடைத்தெரு கேம் சென்டரில் அவளுக்குக் கீரி என்று பேர். எதிராளி அடிக்கக் கை ஓங்கும்வரை காத்திருந்து, அரை அடி பின்வாங்கி, அவன் கை காற்றில் போகும்போது பாய்வாள்.

கை நழுவ ஆரம்பித்ததும் அவள் முதலில் விட்டது வேலையை அல்ல, அந்தக் கேம் சென்டரைத்தான். ஒருவரிடமும் காரணம் சொல்லவில்லை. தம்பியிடம் மட்டும், "யார்கிட்டயும் சொல்லக் கூடாது. என்மேல சத்தியம் பண்ணு" என்று வாங்கிக்கொண்டாள்.

வியாழன் சாயங்காலமே மெழுகு பெட்டியை இறக்கினான். நான்கு வருடத் தூசி. துடைத்தான். ஆஸ்பத்திரியில் போய் மாட்டிவிட்டு வேலை செய்யாமல் போனால் என்ன பண்ணுவது என்று வீட்டு டிவியில் மாட்டிப் பார்த்தான். படம் வந்தது, பாட்டு வந்தது. ஆட்டம் எங்கோ தூர தேசத்தில் செய்தது. திரையில் வரும் எழுத்து ஒன்றுகூட அவனுக்குப் படிக்கத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது, எது எங்கே இருக்கிறது என்று மனப்பாடம். கையில் பிடிக்கும் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கண்ணில் பட்ட ஒரு வரியை அமுக்கினான். சண்டை தொடங்கியது. முதல் ஆளே பதினெட்டு விநாடியில் அவனைக் கீழே தள்ளினான். மெழுகு சிரித்துக்கொண்டான்.

திரையில் ஒரு கட்டம் வந்தது. ஏதோ கேட்டது. பல்செட் கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில் ஆடும் புதுப் பெட்டியில் வட்டப் பொத்தான் என்றால் 'வேண்டாம்', பெருக்கல் குறி என்றால் 'ஆமாம்'. எதற்கு வம்பு, வேண்டாம் என்றே சொல்லுவோம் என்று வட்டத்தை அமுக்கினான். இன்னொரு கட்டம் வந்தது, சிவப்பில். அதற்கும் வட்டம். ஒரு பட்டை இடமிருந்து வலமாக நிறைந்தது.

அந்தப் பழைய ஆட்டத்தில் அது தலைகீழ். வட்டம் என்றால் 'ஆமாம்'. பழசின் மேல் புதிதை எழுதட்டுமா என்று அது கேட்டதற்கு அவன் இரண்டு தடவை ஆமாம் சொல்லியிருந்தான்.

சாதனைப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அக்கா எத்தனையோ தடவை காட்டியிருக்கிறாள். பேர் போடும் இடத்தில் அவள் சோம்பல்பட்டு ஒரே எழுத்தை மூன்று தடவை அமுக்கியிருப்பாள். அந்த மூன்றெழுத்து மேலிருந்து கீழ்வரை வரிசையாக நிற்கும். இடையில் நான்காவது இடத்தில் மட்டும் வேறு ஒரு பேர். இப்போது அங்கே ஒன்றுமில்லை. முதல் வரியில் ஒரு பூஜ்யம். அது அவனுடையது. மற்ற வரிகளில் வெறும் கோடு.

பெட்டியை அணைத்து மறுபடி போட்டான். கார்டைக் கழற்றித் துடைத்துச் செருகினான். மறுபடி கழற்றினான். பூஜ்யம் அசையவில்லை. ஏழு மணி வரைக்கும் அதையே செய்துகொண்டிருந்தான். பிறகு கருவியை எடுத்து, தானே ஆடி அந்த இடத்தை நிரப்பிவிடலாம் என்று உட்கார்ந்தான். அரிசி அளவு மெழுகில் கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளம் செதுக்குகிற விரல், அங்கே மரக்கட்டை மாதிரி இருந்தது. ஒருவனை அடித்தான். இரண்டாவது ஆளிடம் விழுந்தான். இருபது தடவைக்கு மேல் முயன்றும் மூன்றைத் தாண்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கூடத்தில் லீவு சொல்லிவிட்டுக் கார்டை எடுத்துக்கொண்டு போனான். பழுதான போன், கம்ப்யூட்டரிலிருந்து படங்களை மீட்டுத் தருகிற கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு பழைய கருவியைத் தேடியெடுத்து மாட்டி, முக்கால் மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழிச்சிருந்தா எடுத்துக் குடுத்திருப்பேங்க. இது அழிச்சது இல்ல. பழசு இருந்த அதே இடத்துலயே புதுசு எழுதியிருக்கு. சிலேட்டைத் துடைக்காம, அது மேலயே சாக்பீஸ் வெச்சு அழுத்தித் தேச்ச மாதிரி."

"கொஞ்சம்கூட வராதா சார்? கடைசிச் சண்டை ஒண்ணு மட்டும் போதும்."

"வராதுங்க. யார்கிட்ட குடுத்தாலும் வராது. சும்மா அலையாதீங்க."

இருந்தும் அவன் அலைந்தான். இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினான். இரண்டு இடத்திலும் அதே பதில், ஓர் இடத்தில் கூடவே கிண்டலும். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்கா கேட்டாள், "பெட்டி ஓடுதா?"

"ஓடுதுக்கா."

அது பொய்யில்லை. சொல்லிவிட வேண்டும் என்றுதான் மாடி ஏறியிருந்தான். அவள் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்ததும் அப்படியே இறங்கி வந்துவிட்டான்.

சனிக்கிழமை, பட்டியலில் நான்காவது இடத்தில் இருந்த பேருக்கு உரியவரைத் தேடிப் போனான். அந்த ஆளுக்கு லாரி என்று பேர். ஆட்டத்தில் பின்வாங்கவே மாட்டார், நேராக வந்து மோதுவார். ஏழு வருடம் கேம் சென்டரில் கீரியோடு சரிக்குச் சரியாக மல்லுக்கட்டியவர். ஒருவேளை அவரிடம் பழைய நகல் ஏதாவது இருக்கலாம்.

லாரி தீயணைப்பு சிலிண்டர் நிரப்பும் பட்டறை வைத்திருந்தார். சிவப்புச் சிலிண்டர்கள் சுவரோரம் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாக எடைபோட்டுத் தேதிச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கீரியோட தம்பிதானே? நாலு வருஷம் கழிச்சு இப்ப எதுக்கு ஆள் அனுப்புறா?"

"அவ அனுப்பலண்ணே. நானாத்தான் வந்தேன்."

"எத்தனை தடவை போன் பண்ணேன் தெரியுமா? எடுக்கவே இல்ல. கடைசியா ஆடினப்ப நான் ஜெயிச்சுட்டேன், அந்தக் கோபத்துல வரலைன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

அக்காமேல் பண்ணின சத்தியத்தை மெழுகு அங்கேயே உடைத்தான். கை, கழுத்து, செவ்வாய்க்கிழமை, வட்டப் பொத்தான் எல்லாவற்றையும் சொன்னான். லாரி ஒரு சீட்டை எடுத்துச் சிலிண்டரில் தலைகீழாக ஒட்டினார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சொல்லியிருக்கலாம் இல்ல" என்றார் கடைசியில். பிறகு, "நகல்லாம் எதுவும் என்கிட்ட இல்லடா. பெட்டியையே ஒருத்தருக்குக் குடுத்துட்டேன்."

"அப்ப நீங்க ஆடித் தாங்கண்ணே."

"என்னது?"

"அவ பேர்ல ஆடுங்க. அறுபத்து மூணு வரைக்கும். எனக்கு மூணு தாண்டல."

"ஏமாத்தச் சொல்றியா? போய் உண்மையைச் சொல்லு. திட்டுவா, அழுவா. அப்புறம் சரியாப் போயிடும்."

"எப்ப சரியாப் போகும்? நடுவுல மூணு நாள்தான் இருக்கு. ஆபரேஷன்ல மூச்சே நின்னு போகலாம்னு எழுதியிருக்கற தாள்ல கையெழுத்துப் போட்டிருக்கேன். அவ கேட்டது இது ஒண்ணுதான். ஆமாம்னு தலையாட்டிட்டு வந்து நிக்கறேன்." மெழுகு குனிந்தான். "உங்க கால்ல வேணாலும் விழறேன்."

"விழுந்து வைக்காதே. தரையெல்லாம் பவுடர்." லாரி எடை மெஷினை அணைத்தார். "என் உச்சமே நாப்பத்தொன்பதுதான், தெரியுமா? அறுபதைக் கண்ணால பாத்தது அவ ஆடித்தான்."

இருந்தும் வந்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டத்துக்குள் பூட்டிக் கிடந்த பாத்திரங்களைத் திறப்பதிலேயே போய்விட்டது. அக்கா எப்போதும் எடுக்கும் ஆள், ஒல்லியான ஒருத்தி, இரண்டாம் பாகத்தை முடித்தால்தான் கிடைப்பாள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு லாரி மறுபடி வந்து கதவைத் தட்டினார்.

ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முதல் சுற்றில் முப்பத்தொன்று. அடுத்ததில் நாற்பத்து நான்கு. மூன்றாவதில் மறுபடி முப்பத்தொன்று. மெழுகு பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினான். ஒவ்வொரு தடவை விழும்போதும் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான், மின்விசிறியைத் திருப்பி வைத்தான், வேறெதுவும் செய்ய அவனிடம் இல்லை.

மத்தியானம் லாரி கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலை உருவிக்கொண்டார். கொப்புளம் எழும்பியிருந்தது.

"என் பாணி நாப்பதுக்கு மேல எடுபடாதுடா. அவ மாதிரி ஆடணும்."

"முடியுமாண்ணே?"

"ஏழு வருஷமா அதுகிட்டதான் அடி வாங்கியிருக்கேன். தெரியாமலா இருக்கும்?"

நான்காவது சுற்றில் லாரி காத்திருந்தார். அரை அடி பின்னால் போனார். ஐம்பத்தெட்டு. அந்த ஆட்டத்தில் அவர் இதுவரை தொடாத எண். விழுந்ததும், "இவ்வளவு பொறுமையா எப்படி நின்னா அவ" என்று தனக்குத்தானே சொன்னார். ஐந்தாவது சுற்று மூன்றரை மணிக்குத் தொடங்கியது. அறுபது. அறுபத்தொன்று. அறுபத்திரண்டாவது ஆளை முடித்தபோது மிச்ச உயிரைக் காட்டும் பட்டையில் நகக்கண் அளவுதான் இருந்தது. அடுத்தவன் மழைபோல் அடித்தான். லாரி பின்வாங்கினார், பின்வாங்கினார், சுவரில் முதுகு முட்டியது. அந்த இடத்தில் அவர் பொறுமை போயிற்று. நேராகப் பாய்ந்து மூன்று குத்து வைத்தார். எதிராளி விழுந்தான்.

அறுபத்து மூன்று. அடுத்த ஆள் வந்ததும் கருவியைத் தரையில் வைத்துவிட்டு அடிபட்டு விழவிட்டார். பேர் கேட்டது. மெழுகு அக்கா போடும் அதே எழுத்தை மூன்று தடவை அமுக்கினான். கட்டம் வந்தது.

"வட்டம்" என்றார் லாரி. "இப்ப வட்டம்தான்."

திங்கட்கிழமை டாக்டர் வந்து போனதும் நர்ஸ் டிவியின் பின்பக்கத்தைக் காட்டினார். வார்டில் ஆறு கட்டில். எதிர்க்கட்டிலில் காலில் கட்டுப் போட்டிருந்த அம்மாளும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். மெழுகு பட்டியல் பக்கமே போகாமல் நேராகச் சண்டையை ஓடவிட்டான்.

அக்கா பார்த்தாள். கழுத்தைத் திருப்ப முடியாததால் கண்களை மட்டும் ஓரத்துக்குத் தள்ளிப் பார்த்தாள். ஒல்லியானவள் காத்திருந்தாள், பின்வாங்கினாள், பின்வாங்கினாள், பாய்ந்தாள். நாற்பது விநாடிகூட இல்லை.

"இன்னொரு தடவை போடு."

போட்டான். அவள் முகம் அசையவில்லை.

"இன்னொரு தடவை."

மூன்றாவது தடவை முடிந்ததும் அவள் கண்கள் கூரைக்குத் திரும்பின. கேட்டாள்.

"லாரி எப்படி இருக்கான்?"

மெழுகு கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"கடைசி மூணு குத்து அவனோடது" என்றாள் அக்கா. "செவுத்துல முட்டினா அவன் அப்படித்தான் பண்ணுவான். நான் அந்த இடத்துல குனிஞ்சேன். எனக்கு ஞாபகம் இருக்கு. என்னோடது எங்கே?"

"போயிடுச்சுக்கா. சரியா ஓடுதான்னு பாக்கப்போனேன். ஏதோ கேட்டுச்சு. வேண்டாம்னு நெனச்சு அமுக்கினேன், அது ஆமாம்னு எடுத்துக்கிச்சு. எல்லா இடத்துக்கும் போனேன். வராதாம்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"அவன்கிட்ட என் கை விஷயத்தையும் சொல்லிட்டே."

"சொல்லிட்டேன்க்கா."

"நான் என் கையைக் கேட்டேன்" என்றாள். குரல் ஏறவே இல்லை. "நீ அவன் கையைக் கொண்டுவந்து காட்டுற. வியாழக்கிழமையே சொல்லியிருந்தா அழுது தீத்துட்டு இருந்திருப்பேன். நாளைக்குக் காலைல உள்ள போறேன், இன்னைக்கு மூணு தடவை உக்காந்து வேற யாரோ ஆடினதைப் பாத்துட்டு இருக்கேன்."

"அக்கா..."

"பெட்டியை எடுத்துட்டுப் போ."

முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாதவளுக்குக் கண்ணை மூடிக்கொள்வது ஒன்றுதான் மிச்சம். மூடிக்கொண்டாள். இமை ஓரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. அதைத் துடைத்துக்கொள்ள அவளுக்குக் கை வராது. மெழுகு துடைக்கப் போனான். "தொடாதே" என்றாள். எதிர்க்கட்டில் அம்மாள் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். அவன் வயர்களைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு படிக்கட்டு வரைக்கும் நடந்தான். அங்கேயே உட்கார்ந்துவிட்டான். ஏறி இறங்குகிறவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

செவ்வாய் காலை ஆறரைக்கே வந்து நின்றான். தள்ளுவண்டியில் அவளைக் கொண்டுபோனபோது கூடவே ஓடினான். "அக்கா, நான் இங்கதான் இருக்கேன்" என்றான். அவள் கண்கள் திறந்திருந்தன, கூரையில் ஓடும் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. கதவு மூடிக்கொண்டது.

கடைசியாக அவள் சொன்னது 'தொடாதே' என்பதாகவே போய்விடுமோ என்ற நினைப்பு அவனை விடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தான், எழுந்தான். ஒன்பது மணிக்கு லாரி வந்தார். பட்டறைச் சட்டையோடு, கட்டைவிரலில் பிளாஸ்திரி.

"கண்டுபிடிச்சுட்டாளா?"

"மூணு தடவை பாத்தா."

"கடைசில சொதப்பினது நான்தான்" என்றார் லாரி. ஆறு மணி நேரம் என்று சொல்லியிருந்தார்கள். எட்டு மணி நேரமானது. கதவு திறக்கும்போதெல்லாம் மெழுகு எழுந்து நின்றான். ஒவ்வொரு தடவையும் வேறு யாருடைய பேரையோ கூப்பிட்டார்கள். கடைசி ஒரு மணி நேரம் லாரி அவன் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"உயிருக்குப் பயமில்ல. நடப்பாங்க. இடது கை கொஞ்சம் கொஞ்சமா வரும்னு நம்பறேன். வலது கையை நம்பாதீங்க. அந்த நரம்பு ரொம்ப நாள் முன்னாடியே போயிடுச்சு."

வியாழக்கிழமை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். மெழுகு கட்டில் ஓரத்தில் போய் நின்றான், கிட்டே போகப் பயந்து. அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

"தண்ணி."

உறிஞ்சு குழலை வாயில் வைத்தான். குடித்தாள்.

"உன்மேல கோபம் போகல."

"சரிக்கா."

"போகும்போது போகும். வாசல்ல நிக்கறது யாரு, லாரியா? உள்ள வரச் சொல்லு. சிலிண்டர் மாதிரியே நிக்கறான்."

லாரி வந்து முக்காலியில் உட்கார்ந்தார். நலம் விசாரிக்கத் தெரியாமல் தடுமாறிவிட்டு, "கடைசியா ஆடினப்ப நான் ஜெயிச்சேன், அதுக்கப்புறம்தானே நீ வரல" என்றார்.

"நீ எங்கே ஜெயிச்சே? நேரம் முடிஞ்சுபோச்சு. அப்ப என் உயிர்தான் கூட இருந்துச்சு."

"கூடவா? பட்டையே சிவப்புல இருந்துச்சு."

"உன்னோடதுதான் சிவப்பு. அந்தச் சண்டையும் கார்டுல இருந்துச்சு."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மெழுகைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

"சரி, இனிமே யார் நம்பப்போறா" என்றாள் அக்கா. ஆனாலும் விடவில்லை. முதல் அடி யார் அடித்தது, எந்த மூலையில் மடக்கியது என்று மெல்லிய குரலில் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். லாரி ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டினார். அவளுடைய வலது கை கட்டில் விளிம்பைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்தது. லாரி பேச்சை நிறுத்தாமலே அதை எடுத்துத் தலையணைமேல் வைத்து, மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டார். அவளுக்கு அது தெரியவில்லை. இரண்டாவது சுற்றில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.